நெடுந்தீவுக் குதிரையும் எழுதப்படாத ஏடும்

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்த புதிதில், 1970களின் நடுப்பகுதியில் ஒரு நாள், நெடுந்தீவின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி எழுதிவரும்படி ஆசிரியர் என்னைப் பணித்தார். குறிகட்டுவானில் படகேறினேன். பின்னாளில், 1985 மே 15இல் நடுக்கடலில் நிகழ்ந்த படுகொலையால் பெயர் அறியப்பட்ட அதே குமுதினிப் படகுதான். தீவில் இறங்கி, முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களினூடாக நடந்து, தென்புறத்து வெளியை அடைந்தபோது குடிநீரை மறந்துபோனேன். வெளி நிறையக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. சிறிய உருவம், தடித்த கழுத்து, காற்றில் அலைந்த பிடரி மயிர். கடிவாளமும் இலாடமும் இல்லை. மனிதனைக் கண்டதும் தலையை உயர்த்தி ஒரு கணம் பார்த்துவிட்டு மீண்டும் புல்லுக்குத் திரும்பின.

அருகில் மாடு தேடி வந்த முதியவர் ஒருவர் நின்றார். “ஐயா, இவை உங்கட ஊராக்களின்ர குதிரையளோ?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “இல்லைத் தம்பி. இது கொம்பனிக் குதிரை. ஒல்லாந்தன் விட்டிட்டுப் போனது. எங்கட எண்டு சொல்ல ஒரு துண்டுக் கடுதாசி இருக்கோ?” என்றார்.

அந்தப் பதிலை எனது கட்டுரையில் நான் சேர்க்கவில்லை. குடிநீர்க் கட்டுரையில் குதிரைக்கு என்ன வேலை என்று நினைத்தேன். ஆனால் “ஒரு துண்டுக் கடுதாசி” என்ற சொற்கள் என்னை விட்டுப் போகவில்லை. குதிரையின் வரலாற்றைப் பின்னர் படிக்கப் படிக்க, அந்த முதியவர் தம்மையறியாமலேயே குதிரை வணிகத்தின் மூல இரகசியத்தைத் தொட்டுவிட்டார் என்பது புரிந்தது. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

தமிழரின் அரச வரலாற்றில் குதிரை மிகப் பழையது. மிகப் பழைய காலந்தொட்டே அது கப்பலில் வந்து இறங்கிய பொருளாகவும் இருந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவிந்த பொருள்களைப் பேசும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையும் அவற்றுள் ஒன்றாகச் சொல்கிறது. இலங்கையில் இதற்கு இன்னும் வியப்பான சான்று உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சூரதிஸ்ஸனை வென்று அனுராதபுரத்தைக் கைப்பற்றி, 22 ஆண்டுகள் நீதியுடன் ஆட்சி செய்த சேனன், குத்திகன் என்ற இரு தமிழரைப் பற்றி மகாவம்சம் கூறுகிறது. அவர்களை அது குறிப்பிடும் பாளிச் சொல்லுக்கு, குதிரைகளைக் கப்பலில் கொண்டுவருபவனின் புதல்வர்கள் என்று பொருள். இலங்கை அரசியலில் பெயர் சொல்லி அறியப்படும் முதல் தமிழ் ஆட்சியாளர்கள் குதிரை வணிகன் வீட்டுப் பிள்ளைகள். குதிரை விற்பவன் வெறும் வியாபாரி அல்லன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? படையின் வேகத்தையும் வலுவையும் எவன் தன் கப்பலில் ஏற்றி வருகின்றானோ, அவனுக்கு அரண்மனைக் கதவு திறந்தே இருக்கும்.

பிற்காலச் சோழ, பாண்டியர் காலத்துக் கல்வெட்டுக்களில் மலைமண்டலத்துக் ‘குதிரைச் செட்டிகள்’ கோயில்களுக்குத் தானம் வழங்கியோராகத் தோன்றுகின்றார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வணிகம் உச்சத்தை எட்டியது. பாண்டி நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ கண்டதும் கேட்டதுமாக எழுதியிருப்பது இது: அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றான், அவனுடைய சகோதர அரசர்களும் அவ்வாறே வாங்குகின்றார்கள், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட உயிருடன் எஞ்சுவதில்லை.

பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப் இந்த வணிகத்தின் மறுபக்கத்தைத் தருகின்றார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் அதிபரான ஜமாலுத்தீன், பாண்டியனுக்கு ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். கணக்கிட்டால் அந்த ஓர் ஒப்பந்தத்திற்கே ஆண்டுக்கு 3,08,000 தினார். வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் விலை தரப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. விற்பவரின் உடன்பிறந்தவரான தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனின் அமைச்சராக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவரது பொறுப்பில் இருந்தன என்றும் வாசாப் எழுதுகின்றார். விற்பவரும் உறவினர், இறக்குமதித் துறையைக் காப்பவரும் உறவினர். இன்றைய பத்திரிகையாளன் ஒருவன் இதற்கு என்ன தலைப்பிடுவான் என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

இந்த நூல்களின் எண்கள் மிகைப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே காரணத்தைச் சுட்டுகின்றார்கள். குதிரைகள் இறந்தமைக்குப் பராமரிப்பு அறியாமையே காரணம் என்கின்றார் போலோ. குதிரைக்குச் சமைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுத்தார்களாம். இலாடம் அடிக்கவும் நோய் தீர்க்கவும் தெரிந்தவர் நாட்டில் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அத்தகைய வைத்தியர்களைத் தம்முடன் அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைகள் இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம்! வாசாப்பும் பொருந்தாத தீவனத்தையும் ஓய்வின்றி ஓட்டுவதையும் குறைசொல்கின்றார்.

போலோ மேலும் ஒன்று சொல்கின்றார். உயர்ந்த ஆண்குதிரையையும் உயர்ந்த பெண்குதிரையையும் இந்நாட்டில் இணைத்தாலும் கால் கோணிய சிறு குட்டியே பிறக்கிறது என்பது அது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நெல் வயல் நாட்டில், மேய்ச்சலுக்கு ஏற்ற உலர்ந்த புல்வெளி குறைவு என்பது உண்மைதான். ஆயினும் ‘உங்கள் மண்ணில் குதிரை பிறக்காது’ என்பது, குதிரை விற்பவனுக்கு எவ்வளவு இலாபமான நம்பிக்கை என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. பிற்காலத்தில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் மைசூர்ப் பீடபூமியில் உருவான குனிகல் குதிரைப் பண்ணை, இரு நூற்றாண்டுகள் கழித்தும் பந்தயக் குதிரைகளை ஈன்ற இடமாக விளங்கியது. தென்னிந்திய மண் முழுவதும் குதிரைக்குப் பகை என்ற பேச்சு, அங்கே பொய்த்துப்போயிற்று.

விஜயநகரம் எழுந்த பின்னரும் கதை மாறவில்லை. 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயக் குதிரை வணிகரான பெர்னாவோ நூனிஸ், சாளுவ நரசிம்மனைப் பற்றி எழுதியிருப்பது நகைப்பும் வேதனையும் தருவது. ஆயிரம் பர்தாவோவுக்கு மூன்று குதிரை என்பது விலை. உயிருள்ளதானாலும் இறந்ததானாலும் அதே விலை. கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாற் போதும், பணம் கிடைக்கும். வால் காட்டிப் பணம் வாங்கும் வணிகம் உலகில் வேறெங்கும் நடந்திருக்குமா?

இந்த வணிகத்தில் வாங்குபவன் பட்ட அச்சத்தைத் தமிழ் மரபு ஒரு புராணக் கதையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. மாணிக்கவாசகர் கதையை அறியாதவர் நம்மிடையே இல்லை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கத் தந்த பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிற் பணிக்குச் செலவிட்டார் அமைச்சர் வாதவூரர். இறைவன் நரிகளைப் பரிகளாக்கித் தானே குதிரை வணிகனாக வந்து மதுரையில் ஒப்படைத்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி, லாயத்தில் முன்பே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பக்தர்கள் இதில் திருவிளையாடலைக் காண்பார்கள். அது அவ்வாறே இருக்கட்டும். ஒரு செய்தியாளனாக நான் காண்பது, கதை பிறந்த நாட்டின் சந்தை அனுபவத்தை. கருவூலப் பணம் குதிரைக்காகத் துறைமுகத்துக்குப் போவதும், கயிறு மாற்றிக் கொடுக்கும் நேரத்தில் குதிரையாகத் தெரிந்தது விடியுமுன் நரியாவதும், தண்டனையை இடையில் நின்றவர் அனுபவிப்பதும் கேட்பவர்களுக்குப் பழகியவையாக இருந்ததனாலன்றோ அந்தக் கதை நின்று நிலைத்தது?

அப்படியானால் நம்மவர் குதிரையைச் சோதியாமலா வாங்கினார்கள்? இல்லை. குதிரை இலக்கணம் கூறும் அசுவ சாத்திரங்கள் பல இருந்தன. நிறம், குரல், நடை, பல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி. உடலில் மயிர் எங்கே எப்படிச் சுழிக்கின்றது என்பதைக் கொண்டு அது அரசனுக்கு வெற்றி தருமா, குடி கெடுக்குமா என்று கணித்தார்கள். காளை வாங்கும் விவசாயிகள் இன்றும் சுழி பார்க்கின்றார்கள். ஆனால் சுழி என்பது குதிரையின் தோலில் உள்ள எழுத்து. அது எதிரே நிற்கும் குதிரையைப் பற்றிச் சொல்கின்றது. அதன் தாய் எது, தந்தை எது, அவை எப்படி ஓடின, முன் ஈன்ற குட்டிகள் எப்படி இருந்தன என்பவற்றைச் சுழி சொல்லாது. அவற்றைச் சொல்ல வேறோர் ஏடு வேண்டும். அராபியரிடம் அந்த ஏடு மனப்பாடமாக இருந்தது. பெண்குதிரைகளின் வழியாகக் கால்வழியை அவர்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தார்கள். குதிரையை விற்றார்கள். அந்த நினைவை விற்கவில்லை.

இனி, அதே அராபியக் குதிரையை வாங்கிய இன்னொரு நாட்டைப் பார்ப்போம். 1704இல், சிரியாவின் அலெப்போ நகரில் வணிகம் செய்த தோமஸ் டார்லி என்ற ஆங்கிலேயர் ஓர் அராபிய ஆண்குதிரையை வாங்கி யோர்க்ஷயரில் இருந்த தமது குடும்பத்துக்கு அனுப்பினார். அதற்கு முன்னர் 1680களில் பையர்லி என்ற படை அதிகாரியிடம் ஒரு குதிரை வந்து சேர்ந்திருந்தது. 1730ஐ ஒட்டிப் பிரான்ஸ் வழியாக வந்த மூன்றாவது குதிரை, கொடொல்பின் பிரபுவின் பண்ணையை அடைந்தது. இம்மூன்று மட்டுமே இங்கிலாந்துக்கு வந்த கீழைத்தேயக் குதிரைகள் என்பதில்லை. ஆனால் இன்று உலகெங்கும் ஓடும் ‘தரோபிரெட்’ பந்தயக் குதிரைகள் அனைத்தினதும் தந்தைவழி இந்த மூன்றில் ஒன்றிலேயே போய் முடிகின்றது. பாண்டியன் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினான். அவன் குதிரைகளின் வழி எங்கே? ஒன்றும் எஞ்சவில்லை. ஆங்கிலேயர் விரல்விட்டு எண்ணத்தக்க குதிரைகளில் இருந்து ஓர் இனத்தையே ஆக்கினார்கள்.

வேறுபாடு பணத்தில் இல்லை. வாங்கிய குதிரையைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதில் இருந்தது. நம் அரசர்களுக்குக் குதிரை போரில் செலவாகும் பொருள், வெடிமருந்து போல. ஆங்கிலப் பிரபுக்களுக்கு அது முதல். தம்மிடம் இருந்த உள்ளூர்ப் பெண்குதிரைகளுடன் இணைத்தார்கள். குட்டிகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். வென்றதை மீண்டும் இணைத்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். 1791இல் ஜேம்ஸ் வெதர்பி பொது வம்சப் பதிவேட்டின் முன்னோடித் தொகுதியை வெளியிட்டார். அந்தப் பதிவேட்டில் இடம்பெற்ற பெற்றோருக்குப் பிறந்ததே தரோபிரெட் என்று ஆயிற்று. குதிரையின் இனத்தை நிர்ணயித்தது இரத்தம் என்பார்கள். நடைமுறையில் அதை நிர்ணயித்தது புத்தகம்.

சந்தையும் அதனுடன் வளர்ந்தது. 1766இல் ரிச்சர்ட் டற்றர்சால் இலண்டனில் தொடங்கிய ஏல நிறுவனம் இன்றும் நியூமார்க்கட்டில் பந்தயக் குதிரைகளை ஏலம் விடுகின்றது. ஏடு இருந்தால் விலை எப்படி மாறும் என்பதற்கு எக்லிப்ஸ் என்ற குதிரை நல்ல உதாரணம். 1764இல் பிறந்த அது, உரிமையாளரான கம்பர்லாந்துக் கோமகன் மறைந்தபின் 75 கினிக்கு விலைபோயிற்று. ஓடிய 18 பந்தயங்களிலும் அது தோற்கவில்லை. டெனிஸ் ஓகெலி என்பவர் அதன் பாதிப் பங்கை 650 கினிக்கும் மறுபாதியை 1,100 கினிக்கும் வாங்கினார். அவருக்கு உண்மையான வருவாய் பந்தயத்தில் வரவில்லை. மற்றவர்களின் பெண்குதிரைகளுடன் இணைக்க வாங்கிய கட்டணத்தில் வந்தது. டார்லியின் குதிரைவழி வந்த எக்லிப்ஸின் கால்வழியே இன்றைய தரோபிரெட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் தந்தைவழியாகும். ஒரு குதிரையின் பெயரைத்தான் விற்கின்றோம், குதிரையை அல்ல என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

இதைக் கொழும்பில் என் கண்ணெதிரே கண்டிருக்கின்றேன். ஆங்கிலேயர் தொடக்கிவைத்த குதிரைப் பந்தயம் காலிமுகத்திடலில் நடந்து, 1893இல் கறுவாத்தோட்டத்துப் பந்தயத் திடலுக்கு மாறியது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் திடலே விமான ஓடுபாதையானது. 1956இல் கொழும்புப் பந்தயம் நின்றது. ஆனால் பந்தயம் பிடிக்கும் பழக்கம் நிற்கவில்லை. இங்கிலாந்தின் எப்சமிலும் அஸ்கொட்டிலும் ஓடும் குதிரைகள் மீது கொழும்பின் சந்துகளில் பணம் கட்டினார்கள். நான் பணியாற்றிய அச்சகத்தில் ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். இரவுப் பணியின்போது, பக்கங்கள் வரும்வரை, பந்தயத் தாளை விரித்து வைத்திருப்பார். எந்தக் குதிரையின் தந்தை எது, தாயின் தந்தை எது, ஈரத் தரையில் எந்தக் கால்வழி ஓடும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தமது பிள்ளைகளின் பிறந்த நாளைக் கேட்டால் யோசிப்பார். ஒருமுறை, “அண்ணை, குதிரையைத் தொட்டுப் பாத்திருக்கிறீங்களோ?” என்று கேட்டேன். “தொட்டென்ன செய்யிறது? எல்லாம் பேப்பரில இருக்குத்தானே” என்றார். மாதக் கடைசியில் அவர் கடன் கேட்காத ஆள் அச்சகத்தில் இல்லை. ஓய்வுபெற்றபோது அவருக்கென்று ஒரு வீட்டுக் கூரைகூட இருக்கவில்லை.

ஆகவே ஏட்டைப் புகழ்ந்து பாடுவது எனது நோக்கமன்று. ஏடும் ஏமாற்றும். 2006இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த ஏலம் ஒன்றில், ‘த கிறீன் மங்கி’ என்ற இரண்டு வயதுக் குதிரை 1 கோடி 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. ஏட்டில் குறை சொல்ல முடியாத வம்சம். ஏலத்துக்கு முந்திய ஓட்டத்தில் காட்டிய வேகம். மூன்று பந்தயங்களில் ஓடியது. ஒன்றிலும் வெல்லவில்லை. அரிமர்த்தன பாண்டியன் இருந்திருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பான்!

வரலாற்றின் இன்னொரு திருப்பத்தையும் கவனிக்க வேண்டும். 1970களின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தின் ஏலங்களில் மிகப் பெரிய வாங்குநர்களாகத் தோன்றியவர்கள் வளைகுடா அரச குடும்பத்தினர். துபாய் அதிபரின் பண்ணை நிறுவனத்தின் பெயர் டார்லி. பந்தய நிறுவனத்தின் பெயர் கொடொல்பின். எந்தப் பாலைவனத்திலிருந்து குதிரை போயிற்றோ, அந்தப் பக்கத்து மன்னர்கள், போன குதிரைகளின் ஆங்கிலப் பெயரைத் தமது நிறுவனங்களுக்குச் சூட்டி, அவற்றின் பேரன்மாரை விலை கொடுத்து வாங்குகின்றார்கள். குதிரையோடு ஏட்டையும் சேர்த்து வைத்திருப்பவனிடமே உலகம் திரும்பி வருகின்றது.

ஓட்டப் பந்தயம் தவிர்ந்த விளையாட்டுக்களிலும், தடை தாண்டலிலும் நடைப் பயிற்சிப் போட்டியிலும், இதே பாடம் உண்டு. இன்னும் பயனுள்ள பாடம் அது. ஜெர்மனியின் செல்லே நகரில் 1735இல் ஹனோவர் ஆட்சியாளரும் இங்கிலாந்து அரசருமான இரண்டாம் ஜோர்ஜ் ஓர் அரச குதிரைப் பண்ணையை நிறுவினார். அங்கே அரசு வைத்திருந்தவை தேர்ந்த ஆண்குதிரைகள் மட்டுமே. பெண்குதிரைகள் விவசாயிகளுடையவை. ஏழை விவசாயியும் தனது ஏர் இழுக்கும் குதிரையை அரச ஆண்குதிரையுடன் குறைந்த கட்டணத்தில் இணைக்கலாம். பிறக்கும் குட்டி அவனுடையது. குட்டி நன்றாக இருந்தால் படைக்கு விற்கலாம். 1888இல் அந்த இனத்துக்கு வம்சப் பதிவேடு வந்தது. உழவு இயந்திரமும் கவச வாகனமும் குதிரையை வேலையிலிருந்து நீக்கியபோது, 1949இல் வெர்டன் நகரில் சவாரிக் குதிரைகளுக்கான ஏலத்தைத் தொடங்கினார்கள். ஏர் இழுத்த குதிரையின் வழியில் ஒலிம்பிக் பதக்கக் குதிரைகள் வந்தன. குதிரை, ஏடு, குடியானவன் என்ற மூன்றும் ஒரே கொட்டிலில் இருந்ததால் இது நடந்தது.

இப்போது நெடுந்தீவுக்குத் திரும்புவோம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு, முருகைக்கல் நிலம், உலர்ந்த புல்வெளி, சுற்றிலும் கடல் என்பதால் வேலி கட்ட வேண்டிய தேவையில்லை. ‘பசுத் தீவு’ என்று தமது மொழியில் இதற்குப் பெயரிட்ட போர்த்துக்கேயர் இங்கே குதிரைகளைக் கொண்டுவந்து பெருகவிட்டார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தமது ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. அவற்றுள் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருப்பது டெல்ஃப்ட் மட்டுமே. நெடுந்தீவிலும் இரணைதீவிலும் கம்பனி குதிரை வளர்த்தது. இன்றும் அங்கே குதிரை லாயத்தின் கல் தூண்கள் நிற்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில், 1811 முதல் 1824 வரை, லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரியின் பொறுப்பில் தீவு இருந்தது. அதன் பின்னர் அரச பண்ணை கைவிடப்பட்டது. குதிரைகள் வெளிக்குப் போயின.

‘இந்த மண்ணில் குதிரை பிறக்காது’ என்று பாண்டியனுக்குச் சொல்லப்பட்ட கடலின் இந்தக் கரையில், குதிரை பிறந்தது மட்டுமன்றி, யாரும் தீவனமிடாமல், இலாடம் அடிக்காமல், வைத்தியம் பார்க்காமல் இரு நூற்றாண்டுகளாகப் பிறந்துகொண்டே இருக்கின்றது. உருவம் குறுகியிருக்கலாம். உயிர் குறுகவில்லை. தமிழர் வாழும் ஒரு நிலத்தில் குதிரை வளர்ப்பு வென்ற கதை இது. ஆனால் அந்த வெற்றியில் தீவு மக்களுக்கு என்ன பங்கு இருந்தது? செல்லேயில் குட்டி விவசாயியுடையது. நெடுந்தீவில் குட்டி கம்பனியுடையது. ஆட்சி போனபோது கணக்கேடும் அதனுடன் போயிற்று, அறிவும் போயிற்று. எஞ்சியவை குதிரைகள் மாத்திரம். முதியவர் கேட்ட துண்டுக் கடுதாசியின் கதை இதுதான்.

இன்று அவற்றைக் காட்டுக் குதிரைகள் என்று சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்கள் விளம்பரம் செய்கின்றன. உண்மையில் அவை காட்டு விலங்குகள் அல்ல. மனிதன் தேர்ந்து, இணைத்து, பின்னர் கைவிட்ட வளர்ப்பு விலங்குகளின் வழித்தோன்றல்கள். 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் பிரகடனத்தால் மழை பெய்வதில்லை. கடும் வறட்சியான ஆண்டுகளில் குளங்கள் வற்றி, குதிரைகள் தண்ணீரின்றி விழுந்து இறந்த செய்திகளை நாம் படித்திருக்கின்றோம். நான் அன்று குடிநீரைப் பற்றி எழுதப் போய்க் குதிரையை விட்டுவிட்டு வந்தேன். அது இரண்டும் ஒரே செய்தி என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. மனிதனுக்கு நன்னீர் இல்லாத தீவில் குதிரைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் ஆர்வத்துடன் பேசுவார்கள். நெடுந்தீவுக் குதிரைகளைப் பிடித்துப் பழக்கிச் சவாரிக்கு விடலாமே, சிறுவர் சவாரிக் குதிரையாக வெளிநாட்டுக்கு விற்கலாமே என்பார்கள். தவறான யோசனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வரிசை தலைகீழாக இருக்கின்றது. விற்பனை கடைசியில் வருவது. முதலில் தண்ணீர். அடுத்து, மிருக வைத்தியர். அதன்பின் எண்ணிக்கை: எத்தனை ஆண், எத்தனை பெண், எந்தக் கூட்டம் எந்தக் குளத்தில் நீர் குடிக்கின்றது, எந்தப் பெண்குதிரை எந்த ஆண்டில் ஈன்றது. மூடிய தீவில் இரு நூற்றாண்டுகள் தமக்குள்ளேயே இணைந்து வந்த இனம் என்பதால், அதன் இரத்தத்தைச் சோதித்து, எவ்வளவு நெருங்கிய உறவில் அவை இணைகின்றன என்று அறிவதும் அவசியம். அந்த அறிவு வேறெங்கோ ஒரு நாட்டின் ஆய்வுகூடத்தில் மட்டும் தங்கிவிடாமல் தீவின் பாடசாலையிலும் இருக்க வேண்டும். செல்லேயில் நடந்தது போல, பயன் வந்தால் அது தீவாருக்கு வர வேண்டும்.

அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. வெதர்பி அச்சிட்ட தோல் அட்டைத் தொகுதியும் வேண்டாம். நெடுந்தீவுப் பாடசாலை மாணவர் நாலைந்து பேரிடம் ஆளுக்கொரு கொப்பியைக் கொடுத்து, மாரி முடிந்ததும் வெளிக்குப் போய், புதிதாகப் பிறந்த குட்டிகளைப் பார்த்து, நிறத்தையும் நெற்றி வெள்ளையையும் தாயையும் குறித்துவரச் சொன்னால், அது தொடக்கம். விரும்பினால் சுழியையும் குறிக்கட்டும். ஒன்றிலிருந்து ஒன்றை அடையாளம் காண அதுவும் உதவும்.

அந்த முதியவர் இன்று உயிரோடில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் தீவில் இருக்கின்றார்களோ, ரொறன்ரோவில் இருக்கின்றார்களோ. எங்கிருந்தாலும், அவர்களுள் ஒருவர் இதைப் படிக்கக்கூடும். உங்கள் பாட்டனார் என்னிடம் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. கடுதாசி இல்லையென்றால் அதை நாமே எழுதத் தொடங்கலாம் என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகள் பிந்திச் சொல்கின்றேன்.